கிளிசரின் கண்ணீரே தேவலாம்!

1/
நைட் டியூட்டி முடிஞ்சு காலையில வீட்டுக்கு வந்தா, டிவியில ஒரு சின்னப் பையன் அழுதுட்டு இருக்கான். பாட்டுப் போட்டியோட மறு ஒளிபரப்பு, எலிமினேஷன் சீன். கேமரா அவன் முகத்துக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போகுது. பின்னாடி வயலின். அடுத்து அம்மா முகம். அடுத்து கண்ணைத் துடைக்கிற ஜட்ஜ். திரும்பவும் பையன், இந்த முறை ஸ்லோ மோஷன்ல. அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கோங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன், "நான்லாம் டிவியே பார்க்கறதில்ல"ன்னு பெருமை பேசுற ஆள் நான் இல்ல. மெட்டி ஒலி வந்த 2002-2005ல ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தேன். ட்யூஷன் விட்டு சைக்கிள்ல வரும்போது எல்லா வீட்டு ஜன்னல்லேர்ந்தும் டைட்டில் சாங் கேட்கும். ஒரு வீட்ல விட்ட வரியை அடுத்த வீட்ல பிடிச்சுக்கலாம். அஞ்சு பொண்ணுங்களுக்கு அப்பாவா நடிச்ச டெல்லி குமாருக்காக எங்க பாட்டி முந்தானையால கண்ணைத் துடைச்சுப்பாங்க. அப்புறம் எழுந்து போய் எங்களுக்கு தோசை ஊத்துவாங்க.

3/
அந்த அழுகையால யாருக்கும் ஒரு சேதாரமும் இல்ல. கண்ணீர், கிளிசரின். வசனம், ஒருத்தர் உட்கார்ந்து எழுதினது. நடிச்சவங்களுக்கு அது தொழில், பேக்கப் சொன்னா வீட்டுக்குப் போயிடுவாங்க. பாட்டியோட கண்ணீர் மட்டும்தான் நிஜம். அவங்க மனசுல என்னென்ன கிடந்ததோ, அந்த அரை மணி நேரத்துல கொஞ்சம் இறக்கி வச்சாங்க. கதைன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத்தானே?

4/
இன்னைக்கு நம்ம சேனல்கள் ரெண்டு வேலை பண்ணுது. ஒண்ணு, பழைய கதையோட பேரை எடுத்து பக்கத்துல "2" போட்டு விக்கிறது. இன்னொண்ணு, கதை செய்ய வேண்டிய அழுகை வேலையை நிஜ மனுஷங்க தலையில கட்டுறது. இதைத் தனித்தனி பிரச்சனையா பேசுறோம். என் பார்வையில ஒரே வியாதி, ரெண்டு அறிகுறி. புதுசா எழுதற ஒருத்தரை நம்பி ஒரு ஸ்லாட்டைக் கொடுக்க பயம்.

5/
உதாரணம் சித்தி. 1999ல ஆரம்பிச்சு 2001ல முடிஞ்ச சீரியல். தெருவே காலியாகும்னு சொல்வோமே, அது. 2020 ஜனவரியில சித்தி 2 வந்துச்சு. ராதிகாவுக்காகத்தான் எங்க வீட்லயும் உட்கார்ந்தாங்க. 2021ல ராதிகாவே விலகிட்டாங்க. அது அவங்க உரிமை. ஆனா சீரியல் நிக்கல. சித்தி இல்லாமலேயே "சித்தி 2" 2022 வரைக்கும் ஓடுச்சு. பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கேஸ் ஷீட்ல தினம் ரவுண்ட்ஸ் எழுதற மாதிரி.

6/
பாண்டியன் ஸ்டோர்ஸ் 2023ல முடிஞ்ச கையோட பாண்டியன் ஸ்டோர்ஸ் 2. அண்ணன் தம்பி நாலு பேர் கதை போய், அப்பா-பசங்க கதை. வேற குடும்பம், அதே போர்டு. எதிர்நீச்சல் 2024 ஜூன்ல முடிஞ்சுது. அதே வருஷம் டிசம்பர்ல "எதிர்நீச்சல் தொடர்கிறது". முடிவுன்னு ஒண்ணை எழுதி, நம்மளை நம்ப வச்சு, ஆறு மாசத்துல "சும்மா சொன்னோம்"ங்கறாங்க. முடியாத கதையில எதுவுமே கடைசி இல்ல. எதுவுமே கடைசி இல்லைன்னா எதுக்காக நாம பதறணும்?

7/
மறு ஒளிபரப்பைக் குத்தம் சொல்லல. 2020 ஊரடங்குல தூர்தர்ஷன் ராமாயணத்தை அப்படியே திரும்பப் போட்டாங்க, நாடே பார்த்துச்சு. பழசை பழசாவே கொடுத்தா அதுல ஏமாத்து இல்ல. பேரை மறுபடி வைக்கறதும் குத்தமில்ல. 90கள்ல வந்த மர்மதேசத்தை எடுத்துக்கோங்க. ரகசியம் ஒரு கதை, விடாது கருப்பு இன்னொரு கதை. ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது வந்துச்சு. இந்திரா சௌந்தர்ராஜன்னு ஒரு எழுத்தாளர் பின்னாடி இருந்தார். தலைப்பு மட்டும் தொடர்ந்துச்சு, சோம்பேறித்தனம் தொடரல.

8/
சரி, இப்படி கதையைச் சாகடிச்சாச்சு. ஆனா ஜனங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அழணும், சிரிக்கணும், கோபப்படணும். அந்தத் தேவை போகல. அதை எங்கேர்ந்து எடுக்கறது? எழுதாத அழுகையை நிஜ மனுஷங்ககிட்டேர்ந்து கறக்க வேண்டியதுதான். அதுக்குப் பேர் ரியாலிட்டி ஷோ.

9/
பிக்பாஸ் தமிழ்ல 2017லேர்ந்து வருது. சுமார் நூறு நாள். வீட்ல கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. பகல்ல கண்ணசந்தா நாய் குரைக்கிற சத்தம் போட்டு எழுப்புவாங்க. இதைப் பார்க்கும்போது எனக்கு ஐ.சி.யூ. ஞாபகம்தான் வரும். அங்க பேஷண்டுக்கு மனக்குழப்பம் வராம இருக்க நாங்க என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க தெரியுமா? கண்ணுல படற இடத்துல கடிகாரமும் காலண்டரும் வைக்கணும். ராத்திரி விளக்கைக் குறைச்சு தூங்க விடணும். தெரிஞ்ச முகத்தைக் காட்டணும்.

10/
அதாவது ஒரு மனுஷன் நிதானம் தவறாம இருக்க என்னென்ன வேணுமோ, அதையெல்லாம் ஒவ்வொண்ணா பிடுங்கிட்டு, "பாருங்க, எப்படிக் கத்துறாங்க, இவங்க உண்மை முகம் தெரிஞ்சுபோச்சு"ன்னு காட்டுறாங்க. தூக்கம் கெட்டா யாருக்கும் பொறுமை போகும், அழுகை முட்டும். 36 மணி நேரம் டியூட்டி பார்த்த ஹவுஸ் சர்ஜனைக் கேளுங்க, சொல்லுவாங்க. அது உண்மை முகம் இல்லீங்க. தூங்காத முகம்.

11/
"சும்மா பயமுறுத்தாதீங்க டாக்டர்"னு சொல்றவங்களுக்கு: பிரிட்டன்ல 2019ல ஜெரமி கைல் ஷோவுல கலந்துகிட்ட ஒருத்தர் இறந்துபோன பிறகு ஐடிவி அந்த நிகழ்ச்சியையே நிறுத்திடுச்சு. 2021ல அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம், நிகழ்ச்சியில கலந்துக்கறவங்க நலனைப் பார்த்துக்கணும்னு சேனல்களுக்கு விதியே கொண்டு வந்துச்சு. நாம ஃபார்மட்டை மட்டும் வெளிநாட்டுலேர்ந்து வாங்கினோம்.

12/
பெரியவங்க கதை அது. குழந்தைங்க? நம்ம ஊர்லயும் விதி இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல திருத்தி, 2017ல விதிகள் வந்துச்சு. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல குழந்தையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாம 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கலெக்டர் அனுமதி வேணும். வருமானத்துல 20 சதவீதமாவது குழந்தை பேர்ல வங்கியில போடணும். உடல்நலம், மனநலம் ரெண்டுக்கும் ஏற்பாடு இருக்கணும். எல்லாம் நல்ல விதிகள். மணிக்கணக்கை எண்ணிடலாம், பணத்தையும் எண்ணிடலாம். தோத்துட்டு நிக்கிற ஒரு எட்டு வயசுக் குழந்தையோட முகத்துல அந்த கேமரா எத்தனை நொடி நின்னுச்சுன்னு யார் எண்றது?

13/
கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.க்கு ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பொண்ணுக்கு ஒன்பது வயசு இருக்கும். குரல் கட்டி மூணு வாரம். ஏதோ ஒரு டிவி போட்டிக்கு செலக்‌ஷனாம், தினம் மணிக்கணக்குல சத்தமாப் பாடிப் பயிற்சி. தொண்டையைப் பார்த்துட்டு, குரலுக்கு ஓய்வு கொடுங்கன்னு சொல்லி ஈ.என்.டி.க்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா, "அடுத்த வாரம் செலக்‌ஷன் டாக்டர்"ங்கறாங்க. அந்தக் குழந்தை என்னைப் பார்த்து காத்து மாதிரி ஒரு குரல்ல கேட்டுச்சு: "அங்க எல்லாரும் அழுவாங்கல்ல... எனக்கு அழுகை வரலைன்னா சேர்த்துக்க மாட்டாங்களா?"

14/
என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அம்மாவைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. பொண்ணு மேல வரணும்னு நினைக்கிறவங்க, அவ்வளவுதான். ஆனா அந்தக் குழந்தை டிவியிலேர்ந்து கத்துக்கிட்ட பாடம் என்னன்னு பாருங்க. பாட்டு பாதி, கண்ணீர் பாதி. இது சின்ன விஷயமா?

15/
எங்க வார்டுல பச்சைத் துணி கட்டின ஒரு ஸ்க்ரீன் இருக்கு. நாலு சக்கரத்துல ஒண்ணு சுத்தாது. கெட்ட செய்தி சொல்லும்போது, யாராவது உடைஞ்சு அழும்போது, சிஸ்டர் சொல்லாமலேயே அதை இழுத்துட்டு வந்து கட்டிலைச் சுத்தி மறைப்பாங்க. அம்பது பேர் படுத்திருக்கற வார்டுல, ஏழைக்கு எங்களால கொடுக்க முடிஞ்ச மரியாதை அவ்வளவுதான். நிஜக் கண்ணீர்னா மறைக்கணும். இது யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. டிவிக்கு மட்டும் நிஜக் கண்ணீர்னா ஜூம் பண்ணணும்.

16/
இனி கமெண்ட்ல வரப்போற கேள்விகள்.
"அவங்க கையெழுத்துப் போட்டுத்தானே போறாங்க?" ஆபரேஷனுக்கும்தான் கையெழுத்து வாங்கறோம். அதுக்காக மயக்கம் கொடுக்காம அறுப்போமா? கையெழுத்து வாங்கினவனுக்குப் பொறுப்பு கூடுமே தவிர குறையாது. குழந்தை விஷயத்துல கையெழுத்து அப்பா அம்மாவோடது, அழுகை மட்டும் குழந்தையோடது.

17/
"எல்லாம் ஸ்கிரிப்ட் சார், நடிப்பு." ரொம்ப நல்லது. அப்போ எழுதினவர் பேரை டைட்டில்ல போடுங்க, நடிக்கிறவங்களுக்கு நடிகர் சம்பளம் கொடுங்க, சீரியல்னு சொல்லுங்க. நிஜம்னா ஸ்க்ரீனை இழுத்து மறைங்க. ரெண்டுல ஒண்ணு.
"பிடிக்கலைன்னா சேனலை மாத்து." மாத்தினேன். அங்கேயும் ஒரு "2" ஓடுது. ராத்திரி பத்து மணிக்கு அங்கேயும் ஒரு குழந்தை அழுதுட்டு இருக்கு.

18/
நான் கேட்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கதை முடிஞ்சா முடியட்டும். அந்த ஸ்லாட்டை புது ஆள் ஒருத்தருக்குக் கொடுங்க, பத்துல ரெண்டு தேறினாலும் லாபம்தான். குழந்தைங்க தோத்தா, அதை கேமரா இல்லாத ரூம்ல அம்மா அப்பா பக்கத்துல வச்சு சொல்லுங்க. மேடையில ஜெயிச்சவங்களை மட்டும் காட்டினா நிகழ்ச்சி ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. பெரியவங்களைப் பூட்டி வைக்கிறதுன்னா ராத்திரி முழுசா தூங்க விடுங்க. சேனல்கிட்ட சம்பளம் வாங்காத ஒரு மனநல மருத்துவர், "போதும், வெளிய அனுப்புங்க"ன்னு சொன்னா அதுதான் கடைசி வார்த்தையா இருக்கணும்.

19/
பார்க்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கு. குழந்தை அழற அந்த ப்ரோமோவை ஷேர் பண்ணாதீங்க, "சோ க்யூட்"னு கமெண்ட் போடாதீங்க. பார்க்க ஆள் இல்லைன்னா அந்த கேமரா தானா பின்னாடி போயிடும்.

எங்க பாட்டிக்குக் கிளிசரின் போதுமானதா இருந்துச்சு. எனக்கும் போதும்.

நாளைக்கு காலையில ஓ.பி. இருக்கு. திட்டணும்னு நினைக்கிறவங்க திட்டி வையுங்க, சாயங்காலம் வந்து படிக்கிறேன்.