அம்பர் மாலை குழந்தைக்குத் தேவையா?

“பிள்ளைக்கு ஏழு மாசம், பல் முளைக்குது. அம்பர் மாலை போட்டால் வலி தெரியாதாமே, வாங்கலாமா?” என்று கிள்ளானிலிருந்து ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார்.

முதலில், அம்பர் கல் அல்ல, மரப்பிசின். நம் பூசையறைக் குங்கிலியத்துக்கும் மலாய்க்காரர்கள் படகு இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்திய டாமாருக்கும் அது சொந்தம். பட்டையில் காயம் பட்டால் மரம் பிசினைக் கசியவிட்டு அதை மூடிக்கொள்கிறது. எறும்பும் கொசுவும் அதில் மாட்டிக்கொள்வதுண்டு. அந்தப் பிசின் மண்ணில் புதைந்து, வாசனை எண்ணெய் வெளியேறி, இறுகிக் கெட்டிப்பட்டு அம்பராக லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

கடைகளில் அதிகம் விற்கும் பால்டிக் அம்பருக்கு வயது சுமார் 4 கோடி ஆண்டு. குஜராத்தின் காம்பே அம்பருக்கு 5 கோடிக்கு மேல். நம் சரவாக்கிலும் மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்தில் அம்பர் கிடைத்திருக்கிறது. குஜராத், சரவாக் இரண்டிலும் பிசின் தந்தவை நம் மெராந்தி, செங்கால் மரங்களின் குடும்பம். அந்த மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்திற்கு அழைத்துப் போகலாம்.

துணியில் தேய்த்தால் அம்பர் காகிதத் துண்டை இழுக்கும். கிரேக்கர்கள் அதை ‘எலெக்ட்ரான்’ என்றார்கள். ‘எலெக்ட்ரிசிட்டி’ அங்கிருந்து வந்த சொல்தான்.

சரி, பல் வலி? பால்டிக் அம்பரில் சக்சினிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் உடல் சூட்டில் அது வெளிவந்து, தோல் வழியே இறங்கி வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆபத்துக்கோ ஆதாரம் இருக்கிறது. தூங்கும்போது அம்பர் மாலை கழுத்தை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்ததைச் சுட்டிக்காட்டி, 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெற்றோரை எச்சரித்தது. மாலை அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும் அபாயமும் உண்டு.

சுத்தமான விரலால் ஈறை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். கெட்டியான ரப்பர் வளையத்தைக் கடிக்கக் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால், ‘பல் முளைக்குது’ என்று விட்டுவிடாமல் கிளினிக்கிற்குப் போங்கள்.

பெரியவர்கள் நகைக்காக வாங்கினால், கோக்காத மணியை நல்ல உப்புக் கரைசலில் போட்டுப் பாருங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். முதிராத இளம்பிசினும் மிதக்கும் என்பதால், விலை அதிகமென்றால் நகை ஆய்வுக்கூடத்தில் காட்டுவது நல்லது.

அம்பர் பிடித்திருந்தால் அம்மா போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் கழுத்தில் மட்டும் வேண்டாம்.