ஆசை வேறு, கணிப்பு வேறு

2018ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், சனிக்கிழமை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஸ்பார்ட்டன்பர்க் என்னும் ஊரில், ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம் நிரம்பியிருந்தது. அன்று அங்கே ஆட்டம் எதுவும் இல்லை. 17 வயது மாணவர் ஒருவர் தாம் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறார் என்பதை அறிவிக்க இருந்தார். அதைக் கேட்கத்தான் அத்தனை கூட்டம். தொலைக்காட்சிக் காமிராக்களும் வந்திருந்தன.

அந்த மாணவரின் பெயர் சயான் வில்லியம்சன். கூடைப்பந்து ஆட்டக்காரர். நாட்டிலுள்ள கல்லூரிகள் பலவும் அவரை அழைத்திருந்தன. இறுதியில் ஆறு பெயர்கள் எஞ்சின: கிளெம்சன், தென் கரோலினா, வட கரோலினா, டியூக், கென்டக்கி, கன்சாஸ். இவற்றுள் முதல் இரண்டும் அவருடைய சொந்த மாநிலத்தைச் சேர்ந்தவை. கிளெம்சனோ அவர் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. "நம் பிள்ளை நம் கல்லூரிக்கே வருவான்" என்று கிளெம்சன் ரசிகர்கள் நம்பினர். விளையாட்டு நிருபர்களில் பலரும் அவ்வாறே எழுதியிருந்தனர்.

வில்லியம்சன் சொன்ன பெயர் டியூக். அது பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் டர்ஹாம் நகரில் இருக்கிறது.

ஓர் இளைஞர் தமக்குப் பிடித்த கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். இதில் அறிவியல் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாணவரின் மனத்தைப் பற்றியதன்று என் கட்டுரை. வெளியே காத்திருந்த ரசிகர்களின் மனத்தைப் பற்றியது. ஒன்றை விரும்புவதற்கும், அது நடக்கும் என்று கணிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆறு ஊர்களின் கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வில்லியம்சன் ஆறு கல்லூரிகளுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே ஆறு கல்லூரிகளுக்கும் உரிய நிகழ்தகவுகளைக் கூட்டினால் 100 விழுக்காடு வரவேண்டும். அதற்குமேல் ஒரு விழுக்காடு கூட வரக்கூடாது. வேறு எதுவுமே தெரியாத ஒருவர், ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு என்று தொடங்குவார். பிறகு ஊர் அருகில் இருப்பது, பயிற்றுநரின் புகழ் போன்ற சான்றுகளைக் கொண்டு ஒன்றை ஏற்றுவார், மற்றொன்றை இறக்குவார்.

இப்பொழுது ஆறு கல்லூரிகளின் ரசிகர்களையும் தனித்தனியே கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூட்டமும், "எங்களுக்குப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு" என்று சொல்கிறது. ஆறு ஐம்பதுகள் முந்நூறு! 100 மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில் 300 எப்படி வந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் ஆசையையும் சேர்த்து எடை போட்டுவிட்டார்கள். பொருளை நிறுக்கும்போது தராசுத் தட்டில் தம் கையையும் வைத்து அழுத்தியது போல.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கூட்டம் தவறு செய்தது என்பதை இது காட்டாது; மொத்தத்தில் தவறு நடந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு கூட்டமும், தவறு மற்ற ஐவருடையது என்று நினைத்துக்கொள்ள முடிகிறது.

கண்ணும் கட்சி சேரும்

வருங்காலத்தைக் கணிப்பதில் மட்டுந்தானா ஆசை குறுக்கிடுகிறது? இல்லை. கண் முன்னே நடப்பதைப் பார்ப்பதிலும் அது குறுக்கிடும். இதற்குப் புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று உண்டு.

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரு அமெரிக்கக் கல்லூரி அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் சிறந்த ஆட்டக்காரருக்கு மூக்கெலும்பு முறிந்தது. டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ப், கேன்ட்ரில் என்ற உளவியலார் இருவர், அந்த ஆட்டத்தின் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டவை சராசரியாக 9.8. அதே படத்தில் டார்ட்மத் மாணவர்கள் கண்டவை 4.3 மட்டுமே. படம் ஒன்றுதான், எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டது. இந்த முடிவுகள் 1954இல் வெளியாயின.

மற்றோர் ஆராய்ச்சி 1976இல் வெளிவந்தது. சியால்டினி என்ற உளவியலாரும் அவருடைய குழுவினரும் ஏழு பல்கலைக்கழகங்களில், திங்கட்கிழமை வகுப்புகளுக்கு வரும் மாணவர்களின் உடைகளைக் கவனித்தனர். முந்தைய சனிக்கிழமை தம் அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகப் பெயரோ சின்னமோ பொறித்த உடைகளை அணிந்து வந்தோர் அதிகமாக இருந்தனர். ஆட்டத்தைப் பற்றி விவரிக்கச் சொன்னபோதோ, வெற்றியானால் "நாம் வென்றோம்" என்றும், தோல்வியானால் "அவர்கள் தோற்றார்கள்" என்றும் சொல்லும் போக்குத் தென்பட்டது. களத்தில் ஓடாதவர்களுக்கும் வெற்றியில் பங்கு வேண்டியிருக்கிறது, தோல்வியிலோ வேண்டாம்.

உள்ளூர் ஆட்டக்காரர் உள்ளூர்க் கல்லூரிக்கே வரவேண்டும் என்ற ஆசை இங்குதான் பிறக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் மாணவர்கள் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம். அவர்களுள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதற்பிரிவை எட்டுவோர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அந்த ஒருவரிலும் தலைசிறந்தவர் நம் தெருவில் வளர்ந்தார் என்றால் ஊருக்குப் பெருமை வராதா? வரத்தான் செய்யும். அது தவறன்று. ஆனால் பெருமை சான்று ஆகாது.

வெளியாருக்குத் தெரியாதவை

இதேபோல ஒரு நகரம் காத்திருந்த பழைய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்கிறேன். நியூயார்க்கில் பவர் மெமோரியல் பள்ளியில் படித்த லூ அல்சிந்தர், தம் அணியைத் தொடர்ச்சியாக 71 ஆட்டங்களில் வெல்லவைத்தவர். அதே நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் வருவார் என்று பலர் ஆவலுடன் இருந்தனர். ஆனால் அங்கே பயிற்றுநராக இருந்த ஜோ லாப்சிக், 65 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்ற விதிப்படி 1965இல் விலக நேர்ந்தது. மறுபுறம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களான ரால்ப் பஞ்ச், ஜாக்கி ராபின்சன் ஆகியோர் அவருக்குக் கடிதம் எழுதினர். பஞ்ச், 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ராபின்சன், இருபதாம் நூற்றாண்டின் பெரிய பேஸ்பால் ஆட்டங்களில் நிறவேற்றுமைத் தடையை உடைத்த கறுப்பின வீரர். 1965 மே மாதம் அல்சிந்தர் லாஸ் ஏஞ்சலிசைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவருடைய அணி தேசிய வாகை சூடியது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகறிந்தவர் இவரே.

ஒரு பயிற்றுநரின் ஓய்வு வயது, ஒரு பெரியவரின் கடிதம், கறுப்பின மாணவர் ஒருவர் ஓரிடத்தில் மதிப்போடு வாழ முடியுமா என்ற கேள்வி: முடிவைத் தீர்மானிப்பவை இத்தகைய செய்திகள். கூடத்தின் மேல்வரிசையில் அமர்ந்து கைதட்டும் ரசிகருக்கு இவற்றுள் எத்தனை தெரியும்? அறிந்தது சிறிது, அறியாதது பெரிது என்னும்போது, நம் கணிப்பும் அடக்கமாக இருப்பதுதானே முறை?

அப்படியானால் எதை வைத்துக் கணிப்பது? இதற்கு முன் இத்தகையவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது ஒரு நல்ல வழி. பிலடெல்பியாவின் வில்ட் சேம்பர்லின் 1955இல் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கன்சாசுக்குச் சென்றார். அல்சிந்தர் நாட்டின் மறுகோடிக்குச் சென்றார். வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்க்கைச் சேர்ந்த ரால்ப் சாம்சன் 1979இல் சொந்த மாநிலத்தின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். ஓஹையோ மாநிலத்து அக்ரனில் வளர்ந்த லெப்ரான் ஜேம்ஸ் 2003இல் கல்லூரிக்கே போகாமல் நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு நினைவுக்கு வந்த நான்கு பேர்தான் இவர்கள். இதிலிருந்து விதி எதையும் வகுக்க முடியாது. ஆனால் "உள்ளூர்க்காரர் உள்ளூரிலேயே இருப்பார்" என்பதை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நால்வரும் போதும்.

முழங்கால் யாருடையது?

இதுவரை சொன்னது கணக்கைப் பற்றி. இனி அதைவிட முக்கியமான ஒன்று. கணிப்பில் ஏற்படும் தவறு சில வேளைகளில் மனிதரைக் காயப்படுத்தும். "வருவார் என்று விரும்புகிறேன்" என்பது மெல்ல "வருவார்" என்று மாறுகிறது. பிறகு "வரவேண்டியவர்" என்றாகிறது. அவர் வேறிடம் போனால், ஏதோ கடன் வாங்கித் திருப்பித் தராதவரைப் போலப் பேசத் தொடங்குகிறோம். ஆசை கணிப்பாகி, கணிப்பு உரிமையாகிவிடுகிறது.

2019 பிப்ரவரி 20 அன்று நடந்ததை எண்ணிப் பாருங்கள். டியூக் அணி வட கரோலினாவுடன் ஆடியது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 129 கிலோ எடையுள்ள வில்லியம்சன் ஓடியபடியே திரும்ப முயன்றார். அந்த விசையைத் தாங்காமல் அவருடைய இடது காலணி பிளந்தது. கால் நழுவி, வலது முழங்காலில் சுளுக்கு ஏற்பட்டது. அந்த ஆட்டத்திலும் அடுத்து வந்த சில ஆட்டங்களிலும் அவரால் ஆட முடியவில்லை. பல இலட்சம் பேர் அவர்மீது நம்பிக்கை வைத்திருந்தார்கள். வலித்த முழங்கால் ஒன்றே ஒன்றுதான், அது அவருடையது. நல்லவேளை, தேறி வந்து ஆடினார். அந்த ஆண்டே தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பின் விதிப்படி, 2006 முதல் அந்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்து, 19 வயதும் ஆகியிருந்தால்தான் தேர்வுக்கு வரலாம். ஆகவே தலைசிறந்தவர்கள் பலர் கல்லூரியில் ஒரே ஆண்டுதான் ஆடுகிறார்கள். டியூக்கிலும் வில்லியம்சன் ஓராண்டுதான் இருந்தார். ஊர் முழுவதும் காத்துக்கிடந்தது அந்த ஒரே ஆண்டுக்காகத்தான்! அப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருள் ஈட்டவும் விதி இடம் தரவில்லை. அந்தத் தடை 2021இல்தான் நீங்கியது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது. இன்று அந்த வயது மாணவரின் முன்னால் படிப்பு, பயிற்சி, உடல்நலம், குடும்பம், பணம் எல்லாம் ஒருசேர நிற்கின்றன. அவற்றை நிறுக்கவேண்டியவர் அவரும் அவர் பெற்றோரும். அந்தத் தராசில் நம் கைக்கு வேலை இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை இல்லாத ரசிகருக்கு ஆட்டம் சுவைக்காது. ஆசையையும் கணிப்பையும் இரண்டு தனிப் பெட்டிகளில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பும் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், அது வெல்லும் நிகழ்தகவை விழுக்காட்டில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பக்கத்தில் குறியுங்கள். ஒன்றிரண்டு ஆட்டங்களில் எதுவும் தெரியாது. இருபது, முப்பது சேர்ந்த பிறகு, "70 விழுக்காடு" என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றுள் பத்துக்கு ஏழு அளவில் உங்கள் அணி வென்றிருந்தால் உங்கள் கணிப்பு நேர்மையானது. நான்குதான் வென்றிருக்கிறது என்றால், தட்டில் உங்கள் கையும் இருந்திருக்கிறது. உங்களுக்கு விருப்பு வெறுப்பு இல்லாத இரு அணிகளின் ஆட்டங்களுக்கும் இதேபோல எழுதி ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும்.

சோதனைச்சாலையில் அறிவியலாருக்கும் இதே தொல்லை உண்டு. தம் கொள்கை மெய்யாகவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருக்கும். அதனால்தான் புதிய மருந்தைச் சோதிக்கும்போது, யாருக்கு மெய்யான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்துவைக்கிறார்கள். ஆசையை ஒழிக்க முடியாது என்று அறிந்தவர்கள், அது தராசைத் தொடாதபடி வழி செய்தார்கள்.

நாளை உங்கள் பள்ளியிலிருந்தும் திறமையான ஒருவர் வெளியே போகலாம். ஏன், அது நீங்களாகவே இருக்கலாம். அவர் எங்கே போகவேண்டும் என்று ஊர் முழுவதும் ஆசைப்படட்டும். எங்கே போனாலும், "போய் நன்றாக ஆடு" என்று சொல்லி அனுப்பும் பெருந்தன்மையும் அந்த ஆசையோடு சேர்ந்திருக்கட்டும்.