தொலைந்தால் தேடுவோம், பார்த்துக்கொள்ள ஆள் கேட்காதே!



எங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ரிங் பிரேமில் நின்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தாறு. மறதி நோய். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிட்டார். ஆலைச் சங்கு ஊதி எத்தனையோ வருஷமாகிறது. அவர் காதில் மட்டும் அது ஊதிக்கொண்டே இருக்கிறது! மகன் லாரியில் வடக்கே போயிருந்தான். மருமகள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன பதில்: "வயசானவர்தானே, எங்கே போயிடப் போறார்? சாயங்காலம் வரைக்கும் பாருங்க." மூன்றாம் நாள் பழனி பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மாள் ஒருவர், தூக்குப்போசியில் வெட்டியிருந்த பெயரையும் ஊரையும் படித்துத் தகவல் சொல்லியனுப்பினார். பெரியவர் பிழைத்தார்.

இந்த விஷயம் பேச்சில் அடிபட்டபோது படித்த கனவான் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "அமெரிக்காவில் இப்படி நடக்குமா? கிழவர் காணாமல் போனால் நெடுஞ்சாலையெல்லாம் மின்சாரப் பலகையில் எழுத்து ஓடும். ரேடியோ அலறும். டெலிபோன் அலறும். அதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே மனுஷனுக்கு மதிப்பு!" என்றார். நம் இளந்தோழர்கள் இரண்டொருவரும் தலையாட்டினார்கள். ஆகவே அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

சட்டம் இருப்பது உண்மை. 1996-ல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த ஆம்பர் என்ற ஒன்பது வயதுச் சிறுமியை எவனோ தூக்கிக்கொண்டு போய்க் கொன்றான். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். குழந்தை கடத்தப்பட்டால் ரேடியோவில் உடனே அறிவிக்கும் ஏற்பாடு பிறந்தது. அதே வழியில் மறதி நோயாளிகளான முதியோருக்கு 'வெள்ளி எச்சரிக்கை' வந்தது. நரைத்த தலைக்கு வெள்ளி என்று பெயர் வைத்தார்கள். ஓக்லஹோமா மாநிலம் 2006-ல் தொடங்கியது. அதே வருஷம் ஜார்ஜியாவில் 'மேட்டியின் அழைப்பு' என்ற சட்டம் வந்தது. மேட்டி என்பவர் அட்லாண்டா நகரத்து மூதாட்டி, மறதி நோயாளி. 2004-ல் வீட்டைவிட்டு வெளியேறினார். மாதக்கணக்கில் கழித்துப் பிணமாகக் கிடைத்தார். எங்கே? சொந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்!

புளோரிடாவில் 2008 பிப்ரவரியில் 86 வயது மூதாட்டி ஒருவர், முதியோரைப் பணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் விடுதியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போய்க் கடற்கழியில் மூழ்கி இறந்தார். அந்த அக்டோபரில் கவர்னர் உத்தரவில் கையெழுத்திட்டார். பிணம் கிடைத்த பிறகுதான் சட்டம் பிறக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இதே கதை.

எச்சரிக்கைப் பலகையால் பிழைத்தவர்கள் உண்டு. நம்பர் பிளேட்டைப் பார்த்து வழிப்போக்கர் தகவல் கொடுத்து, கிழவர் பத்திரமாக வீடு சேர்ந்தது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஒரு உயிர் பிழைத்தாலும் நல்லது என்பதே நம் கட்சி. அந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது நம் வேலையல்ல. அதைக் காட்டி எதை மறைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம்பர் பிளேட் என்றேனல்லவா? அங்கேயே நில்லுங்கள். புளோரிடாவில் மாநிலம் முழுவதும் எச்சரிக்கை போக வேண்டுமானால் காணாமல் போனவர் காரில் போயிருக்க வேண்டும். காரின் அடையாளமும் நம்பரும் போலீசாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடந்து போனவருக்கு? உள்ளூர் அறிவிப்போடு சரி. சாலையில் விரையும் காரோட்டிக்கு நடந்து போகிறவரின் முகத்தைப் பலகையில் எப்படிக் காட்டுவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளைவைப் பாருங்கள். கார் உள்ள கிழவருக்கு மாநிலமே கண் விழிக்கிறது. காரை விற்றுச் சாப்பிட்ட கிழவிக்கு அவள் தெரு மட்டும் விழித்தால் போதுமாம்! மேட்டி நடந்து போனவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது சர்டிபிகேட். டெக்ஸாஸ் சட்டம் 2007-ல் வந்தது. காணாமல் போனவருக்குப் புத்தித் தடுமாற்றம் உண்டு என்பதற்கு வைத்தியரின் எழுத்து மூலமான அத்தாட்சி வேண்டும் என்கிறது. காணாமல் போன 72 மணி நேரத்துக்குள் கோரிக்கை வர வேண்டும் என்கிறது. வைத்தியரிடம் போனவனுக்குத்தான் சர்டிபிகேட் கிடைக்கும். வைத்திய இன்ஷூரன்ஸ் இல்லாத ஜனங்களின் விகிதத்தில் பல வருஷங்களாக அமெரிக்காவிலேயே முதலிடம் வகிப்பது எந்த மாநிலம் தெரியுமா? இதே டெக்ஸாஸ்! 65 வயதானால் சர்க்கார் இன்ஷூரன்ஸ் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் மெக்ஸிகோவிலிருந்து வந்து காகிதமில்லாமல் வயலில் குனிந்தே வயதான விவசாயத் தொழிலாளிக்கு அது இல்லை. கூலியில் அதற்கான வரியைப் பிடித்துக்கொள்வார்கள். வைத்தியம் மட்டும் கிடையாது! நீக்ரோ என்று இழிவாக அழைக்கப்பட்டு வந்த கறுப்பின மக்களில் முதியோருக்கு, வெள்ளையரைப் போல் இரு மடங்கு மறதி நோய் காண்கிறது. காலத்தில் நோயைக் கண்டு சொல்லும் வைத்தியர் கிடைப்பதோ அவர்களுக்குத்தான் குறைவு.

காகிதமில்லாத அந்தக் குடும்பம் போலீசிடம் போகுமா? டெக்ஸாஸ் சட்டசபை 2017-ல் இன்னொரு சட்டம் செய்தது. பிடித்து வைத்த எவரிடமும் குடியுரிமையைப் பற்றிப் போலீசார் கேட்பதை எந்த நகரசபையும் தடுக்கக் கூடாது, குடியேற்ற அதிகாரிகளோடு உள்ளூர்ப் போலீஸ் ஒத்துழைத்தே தீர வேண்டும் என்றது. காணாமல் போன அப்பனைத் தேடித் தரச் சொல்லி ஸ்டேஷன் படியேறினால், மகனும் காணாமல் போய்விடுவானோ என்ற பயம்! ஒரு கையால் எச்சரிக்கைப் பலகை, மறு கையால் விலங்கு. இரண்டையும் செய்தது ஒரே சட்டசபை.

வர்ணத்துக்கொரு எச்சரிக்கை முளைத்த கதையும் வேடிக்கையானது. 2017-ல் வர்ஜீனியாவில் வேலைக்குப் போன 19 வயதுக் கறுப்பினப் பெண் அஷாந்தி காணாமல் போனாள். குழந்தை எச்சரிக்கைக்கு வயது அதிகம், வெள்ளி எச்சரிக்கைக்கு வயது குறைவு! பதினோரு நாள் கழித்து அடுத்த மாநிலத்தில் பிணமாகக் கிடைத்தாள். 2018 கடைசி நாளில் அவள் பெயரால் மத்திய சட்டம் கையெழுத்தாயிற்று. 2022-ல் வாஷிங்டன் மாநிலம் பூர்வகுடி மக்களுக்குத் தனி எச்சரிக்கை கொண்டுவந்தது. மறு வருஷம் கலிபோர்னியா 'இறகு' எச்சரிக்கை என்றது. 2024-ல் கறுப்பின இளைஞர்களுக்குக் 'கருங்காலி' எச்சரிக்கை என்றது. இவையெல்லாம் அந்த மக்கள் போராடிப் பெற்றவை. அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒலிப்பதாகச் சொன்ன மணி இவர்களுக்கு ஒலிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நாடு முழுவதற்கும் வெள்ளி எச்சரிக்கை என்ற மசோதாவைக் கீழ்சபை 2008-லும் 2009-லும் நிறைவேற்றியது. செனட் சபை அதைத் தொடவேயில்லை.

இனி மூல விஷயத்துக்கு வருவோம். மறதி நோயாளிகள் பத்துப் பேரில் ஆறு பேர் என்றாவது ஒரு நாள் வழி தவறிப் போவார்கள் என்கிறது அமெரிக்காவின் ஆல்ஸைமர் சங்கம். அந்நாட்டில் 65 வயதுக்கு மேற்பட்ட அந்நோயாளிகள் சுமார் 70 லட்சம் பேர். வழி தவறாமல் பார்க்க என்ன வேண்டும்? பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். இந்த இடத்தில்தான் டாலர் தேசத்தின் பை இறுக மூடிக்கொள்கிறது!

அங்கே நர்சிங் விடுதிகள் நூற்றுக்குச் சுமார் எழுபது லாபத்துக்காக நடப்பவை. ஆள் குறைத்தால் லாபம் கூடும். நம் ஆலைகளில் ஒரு ஆள் இரண்டு பக்கம் பார்த்த இடத்தில் நாலு பக்கம் பார்க்கச் சொன்னார்களே, அதே கணக்கு. 2024-ல் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாளைக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு கட்டாயம் என்றது. கவனியுங்கள்: இருபத்துநாலு மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம்கூட இல்லை! அதற்கே விடுதி முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்கு ஓடியது. எந்தக் கோர்ட்டுக்கு? டெக்ஸாஸ் கோர்ட்டுக்கு. 2025 ஏப்ரலில் நீதிபதி விதியை ரத்து செய்தார். போதாதென்று அந்த ஜூலையில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், 2034 வரை அந்த விதியை அமல் செய்யவே கூடாது என்று பூட்டுப் போட்டது. நர்சிங் விடுதியில் கிடக்கும் ஏழைகளில் பெரும்பாலோருக்குப் பணம் கட்டுவது மெடிகெய்ட் என்ற திட்டம். அதே சட்டம் அந்தத் திட்டத்தில் பத்து வருஷத்தில் சுமார் 90,000 கோடி டாலரை வெட்டியது. கோடீஸ்வரர்களுக்கு வரிக் குறைப்பும் அதே சட்டத்தில்தான்!

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியின் கதியோ இன்னும் மோசம். 1938-ல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது இரண்டு பேரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் வீட்டு வேலைத் தொழிலாளி, மற்றவர் விவசாயத் தொழிலாளி. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் கறுப்பினத்தவர் என்பதே காரணம். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த தேசத்திலும் உங்களுக்குத்தான் கடைசிப் பந்தி! பின்னாளில் சட்டத்தைத் திருத்தியபோதும், முதியோரைப் பார்த்துக்கொள்பவர் வெறும் 'துணைக்கு இருப்பவர்' என்று சொல்லி விலக்கி வைத்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த ஈவ்லின் கோக் என்ற தொழிலாளி, இரவும் பகலும் நோயாளிகளோடு கிடந்து உழைத்ததற்கு ஓவர்டைம் கேட்டுச் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கையை விரித்தார்கள். போராட்டத்தின் பலனாக 2015-ல் அந்த உரிமை அமலுக்கு வந்தது. அதைத் திரும்பப் பறிக்க 2025 ஜூலையில் தொழிலாளர் இலாகாவே யோசனை வெளியிட்டது. பெயர் தொழிலாளர் இலாகா!

ஆக, நெடுஞ்சாலையில் ஏற்கெனவே நிற்கும் பலகையில் நாலு வரி ஓடவிடப் பெரிய செலவில்லை. அதற்கு எல்லாக் கட்சிக்காரரும் கையைத் தூக்குகிறார்கள். கவர்னர் புகைப்படத்துக்கு நிற்கிறார். கிழவியின் பக்கத்தில் ஒரு தொழிலாளியை உட்காரவைத்துக் கூலி கொடு என்றால் கோர்ட்டு, வழக்கு, ரத்து!

பார்த்துக்கொள்ள ஆள் வைக்காத இடத்தில் என்ன வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஏர்வாடியில் சங்கிலி வைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை அங்கே மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள்!

அந்தக் கொடுமைக்குப் பின் நம் நாட்டில் சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவைப் படியுங்கள். மனநோயாளி திக்கற்றுத் திரிந்தால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து அவர் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. மனநோய்க்கு அந்தச் சட்டம் கூறும் விளக்கத்தில் ஞாபகக் கோளாறும் அடங்கும். நம் பெரியவரைப் போன்றவர்களுக்கும் அது பொருந்தும் என்பதே பொருள். எங்கள் ஸ்டேஷனில் இந்தப் பிரிவைப் பற்றி ஒருவரும் கேள்விப்பட்டதில்லை! சங்கத்தின் சார்பில் நகல் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊர் ஸ்டேஷனில் இதைச் செய்யலாம்.

2007-ல் இன்னொரு சட்டமும் வந்தது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கைவிடும் பிள்ளையை நாம் ஆதரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் உழைப்பை உறிஞ்சிவிட்டு ஆலையை இழுத்து மூடியவனுக்கு எத்தனை மாதம்? பி.எஃப். பென்ஷனுக்கு 2014-ல் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதில் மறதி நோயாளிக்குக் காவலாள் வைக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!

"நான் வேலைக்குப் போனா மாமா தொலைஞ்சு போறார். வீட்டிலே இருந்தா அடுப்பு எரியாது. எதைச் செய்யட்டும், தோழர்?" என்று அந்த மருமகள் என்னிடம் கேட்டாள். அன்று சாயங்காலமே லைன் வீடுகளில் இருக்கும் பழைய தொழிலாளிகள் நால்வர் முறை போட்டுக்கொண்டார்கள். இப்போது தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு அவர்களில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் தூக்குப்போசியோடு வெளியே வந்ததும் கூடவே ஆலைக் கேட்டுவரை நடக்கிறார். "இன்னைக்குக் கரண்ட் இல்லையாம், ஷிப்டு கிடையாதாம்" என்று சொல்லித் திருப்பி அழைத்து வருகிறார். அந்த நால்வரில் சின்னவருக்கு வயது அறுபத்தெட்டு. அவருக்கும் இப்போது சில பெயர்கள் மறந்துபோகின்றன.