13 ஆண்டு உழைப்பு, 3 ஆட்டங்கள்: ட்ரூ மேஜிக்கு கைதட்டல் மட்டும் போதுமா?

2023 ஏப்ரல் 26. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் மைதானத்தில் 33 வயது வீரர் ஒருவர் மட்டையோடு களமிறங்க, மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் பெயர் ட்ரூ மேஜி. மேஜர் லீக்கில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஆனாலும் அன்றைய ஹீரோ அவர்தான்.

யார் இவர்?

மேஜி ஒரு இன்ஃபீல்டர். அதாவது, உள்வட்டத்தில் பேஸ்களை ஒட்டி நின்று ஃபீல்டிங் செய்பவர். 2010-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இவரை 15-வது சுற்றில் தேர்வு செய்தது. அதன்பிறகு அணி மாறி அணி, ஊர் மாறி ஊர். கீழ்நிலையான மைனர் லீக்கிலேயே 1,150-க்கும் அதிகமான ஆட்டங்கள். 2021-ல் மினசோட்டா ட்வின்ஸ் மேலே அழைத்தது. ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை.

2023-லும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. பைரேட்ஸின் நட்சத்திர வீரர் பிரையன் ரெனால்ட்ஸ் குடும்பத் துக்கத்துக்காக விடுப்பில் போக, அந்த இடம்தான் மேஜிக்குக் கிடைத்தது. 3 ஆட்டங்கள், 2 ஹிட். அவ்வளவுதான், திரும்பவும் மைனர் லீக்.

அதே வாரத்தில் ரெனால்ட்ஸ் போட்ட ஒப்பந்தம்: 8 ஆண்டுக்கு 10.67 கோடி டாலர்.

மைனர் லீக்கில் எவ்வளவு சம்பளம்?

2023-ல் மேஜர் லீக் வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7.2 லட்சம் டாலர். மேஜி ஆடிவந்த டபுள்-ஏ நிலையில் அதுவரை குறைந்தபட்சம் சுமார் 13,800 டாலர்தான். போதாக்குறைக்கு, மைனர் லீக் வீரர்களுக்கு ஓவர்டைம் ஊதியம் தரத் தேவையில்லை என்று 2018-ல் சட்டமே வந்தது.

2022-ல் இந்த வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். சில மாதங்களிலேயே டபுள்-ஏ ஊதியம் 30,250 டாலராக, இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மேஜி மேலே வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் இந்த ஒப்பந்தம் முடிவானது.

'விடாமுயற்சி' கதை மட்டும்தானா?

மேஜியின் கதையை 'கனவை விடாதே' என்று சொல்லி ஷேர் செய்வது சுலபம். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பித்தானே ஆடினார் என்றும் சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாளைய நட்சத்திரம் ஒருவர் பழகித் தேறணும்னா, தினமும் கூடவும் எதிரேயும் ஆட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மேஜி போன்றவர்கள். பெரும்பாலோர் மேலே போக மாட்டார்கள் என்பது அணி நிர்வாகங்களுக்கும் தெரியும். தெரிந்தே அவர்களின் கனவைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தார்கள்.

மேஜர் லீக்கில் ஓய்வூதியத் தகுதிக்கு 43 நாள் அணியில் இருக்க வேண்டும். மேஜி அதை எட்டவில்லை.

பிட்ஸ்பர்க் ரசிகர்களின் கைதட்டல் நிஜமான மரியாதை. ஆனால் அது ஒரு மேஜிக்குத்தான் கிடைத்தது. அந்த ஒரு நாள் கடைசிவரை வராமலே போன ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான மரியாதை, செய்த வேலைக்கு மாதாமாதம் வரும் நியாயமான சம்பளம்தான்.