சேனையின் ஒற்றை இலை

மயிலாப்பூரில் கொல்லைப்புறம் என்பது அபூர்வ வஸ்துவாகிவிட்டது. அதில் 5 அடி நிலம் மிச்சம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற வருஷம் மாசி மாதத்தில், தெற்கு மாட வீதியில் வாங்கிய சேனைக்கிழங்கிலிருந்து முளையுள்ள துண்டமாக 1 கிலோ அளவுக்கு வெட்டி, சாணிப்பாலில் தோய்த்து, நிழலில் உலர்த்திப் புதைத்தார். பொங்கலுக்குச் சொந்தக் கிழங்கில்தான் கூட்டு என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. மார்கழிக் கடைசியில் தோண்டிப் பார்த்தால் கிடைத்தது முக்கால் கிலோ. போட்ட முதலே திரும்பவில்லை! மண்ணின் பேரில் குற்றமா, விதையின் பேரில் குற்றமா என்று நம்மிடம் வந்து கேட்டார்.

விசாரித்ததில் உண்மை வெளியாயிற்று. ஆனியில் நடைபாதையில் சாய்ந்தது என்று ஒரு தடவையும், ஆவணியில் பந்தல் போட இடைஞ்சல் என்று மற்றொரு தடவையும் செடியின் "கிளையை" வெட்டியிருக்கிறார்கள்.

"இன்னொன்றுதான் வந்துவிடுகிறதே, ஸார்!" என்றார் நண்பர்.

வருவது மெய்தான். எதைச் செலவழித்து வருகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

சேனையில் நாம் தண்டு என்று நினைப்பது தண்டு அல்ல. பாம்புத் தோல் போலப் புள்ளி விழுந்து, இடுப்பளவுக்கும் அதற்கு மேலும் நிற்கும் அந்தத் தூண் வெறும் இலைக்காம்பு. அதன் உச்சியில் மூன்றாகப் பிரிந்து குடைபோல் விரிந்திருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே இலை. மெய்யான தண்டோ, கிழங்கென்ற பெயரில் பூமிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கத்தரிச் செடியில் பத்து இலை போனால் மற்றவை வேலை பார்க்கும். சேனையில் ஒரே வெட்டில் அடுப்பே அணைந்துவிடுகிறது.

புதைத்த துண்டம் முதலில் தன் கையிருப்பைக் கொண்டுதான் வேரும் இலையும் விடுகிறது. ஆகவே ஆரம்பத்தில் நஷ்டக் கணக்கே. இலை விரிந்து, வெயிலைப் பிடித்து, மாவுச்சத்தைத் தயாரித்து அனுப்பத் தொடங்கிய பிறகே, பழைய துண்டத்தின் தலைமேல் புதுக்கிழங்கு திரள்கிறது. பழையது சுருங்கிச் சக்கையாகிவிடும். நட்ட கிழங்கே பருக்கிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. இந்த நிலையில் பச்சை இலையை வெட்டினால், அதுவரை சேர்ந்ததை எடுத்து மறுபடி ஓர் இலை கட்ட வேண்டும். நண்பர் வீட்டுச் சேனை ஒரே வருஷத்தில் மூன்று தடவை குடை வாங்கியிருக்கிறது!

வெட்டாமல் விட்டாலும் ஒரு பருவத்தில் இரண்டாவது இலை வருவதுண்டு. ஆனால் முந்தைய இலை தானாகப் பழுக்கும்போது தன்னிடமுள்ள சத்தில் ஒரு பங்கைக் கிழங்குக்கு இறக்கிவிட்டே சாய்கிறது. அரிவாளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. நட்ட 8, 9 மாதத்தில் இலை முழுவதும் மஞ்சளித்துப் படுத்த பிறகு தோண்டுவதே முறை.

எல்லாக் கிழங்குக்கும் இதே சட்டம் அல்ல. சேம்பில் அடியிலுள்ள முற்றின இலை ஒன்றிரண்டைப் பறித்தால் பெரிய சேதமில்லை. குருத்தைக் கிள்ளினால் உண்டு. பெருவள்ளியோ கொடி. தரையில் படரவிட்டால் இலைமேல் இலை விழுந்து பாதி இலைகள் நிழலில் சோம்பிக் கிடக்கும். உலகத்தில் வள்ளிக்கிழங்கு மிக அதிகமாக விளையும் நைஜீரியாவில் கொம்பு நட்டுக் கொடியை ஏற்றிவிடுவதன் காரணம் இதுதான். மொட்டை மாடித் தொட்டியில் வள்ளி வைப்பவர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும்.

யுத்த காலத்தில் அரிசி கிட்டாமற்போனபோது திருவிதாங்கூரில் மரவள்ளிதான் பல குடும்பங்களின் வயிற்றை நிரப்பியது. மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-இல் தோன்றியதும் அந்தத் திருவனந்தபுரத்திலேயே. விதை தேடுகிறவர்களுக்கு நம் சிபார்சு, கோதாவரிக் கரையிலுள்ள கோவ்வூரிலிருந்து வந்த 'கஜேந்திரா' ரகம். நாக்கை அவ்வளவாக அரிக்காது, புளியும் மிச்சம்.

தியாகராய நகர் வாசிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பேட்டை 1920-களில் பழைய ஏரிப் படுகையில் எழுந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் ஆச்சரியமில்லை. சேனையின் அடியில் நீர் நின்றால் காம்பு மண்ணோடு சேரும் இடத்தில் அழுகி, நல்ல இலையும் சாய்ந்துபோகும். மழைக்கு முன்பே மண்ணை அணைத்து மேடாக்கிவிட வேண்டும். காற்றில் ஆடும் காம்பை ஒரு மூங்கில் குச்சியோடு வாழைநாரால் தளரக் கட்டலாம்.

நண்பர் இந்தப் பங்குனியில் மறுபடி நட்டார். குடை விரிந்துவிட்டது. ஆவணிப் பந்தலைத் தெருப்பக்கம் போடுவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறதாம். அரிவாள் பரணில் இருக்கிறது.