எட்டயபுர விசுவாசமும் வம்சமணி தீபிகையும்

பாளையக்காரர் கிளர்ச்சி (1799–1801) பற்றிய தமிழாய்வுகள் பெரிதும் பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் நின்றே எழுதப்பட்டுள்ளன. கும்பினிக்கு விசுவாசமாக நின்றோர் தரப்பு போதிய கவனம் பெறவில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆயினும் எட்டயபுர மன்னர்களின் மரபுப் பட்டமான ‘எட்டப்பன்’ என்பதே துரோகத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று.

அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடிக்கு விசுவாசமாயிருந்தோர் தோற்றனர். பல்லாயிரவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். தென்பாண்டிச் சீமையிலோ விசுவாசிகளே வென்றனர். பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்தைச் சேர்ந்தது. அது ஜமீனாக நீடித்தது. ஆனால், மக்கள் வழக்கில் நிலைத்தது தோற்றவர் தரப்பே.

இந்த விசுவாசத்தைக் கும்பினிப் பற்று என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இரு பாளையங்களுக்கும் இடையே நெடுநாள் எல்லைப்பூசல் இருந்தது. எட்டயபுரத்தின் தன்கூற்றை அறியக் கவிகேசரி சுவாமி தீட்சிதரின் ‘வம்சமணி தீபிகை’ (1879) உதவும். 1919இல் பாரதியார் இந்நூலை நல்ல தமிழில் திருத்தி எழுதித்தர முன்வந்து எட்டயபுர மன்னருக்குக் கடிதம் எழுதினார். வறுமை அதற்கொரு காரணமாயினும், அந்நிய ஆட்சியை எதிர்த்த கவிஞரே அந்நூலை ஒதுக்கவில்லை என்பது கருதத்தக்கது.

எனவே வம்சமணி தீபிகை, கட்டபொம்மன் கதைப்பாடல்கள், கும்பினி ஆவணங்கள் ஆகிய மூன்றும் ஒருங்குவைத்து ஒப்பிடப்பட வேண்டும். அரண்மனை வரலாறு புரவலரைப் போற்றும். கதைப்பாடல் வீரனைப் போற்றும். ஆவணம் ஆட்சியைக் காக்கும். விசுவாசத்தை ஆராய்வது அதனை நியாயப்படுத்துவதாகாது. வசைச்சொல்லையே வரலாற்று முடிவாகக் கொள்வதுதான் ஆய்வுக்கு இழுக்கு.