அளவெடுக்கும் கையா? அனுப்பிவைக்கும் கடையா?



'ஆள்பாதி ஆடைபாதி' என்பது நம் முன்னோர் மொழி. அந்தப் பாதியும் அளவோடு அமைந்தால்தான் ஆளுக்கு அழகு. பொருந்தாத ஆடையால் நிலத்தில் நடப்பவளுக்கு நேர்வது சிறிது வெட்கம். கடலில் இறங்குபவளுக்கோ அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இன்று ஆடை வாங்க நமக்கு இரு வழிகள் உள்ளன. கடைத்தெருவுக்குச் சென்று உடுத்திப் பார்த்தோ, தையற்காரரிடம் அளவு கொடுத்தோ வாங்குவது ஒன்று. கைப்பேசியில் படத்தைப் பார்த்து, விரலால் தொட்டு, வீட்டு வாசலில் பொட்டலமாகப் பெறுவது மற்றொன்று. இவ்விரண்டில் எது நன்று? இதுபற்றி என் கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அளவு என்றதும் நம் தேவனாம்பட்டினத்தின் வரலாறு நினைவுக்கு வருகிறது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பிற்காலத்தில் புனித டேவிட் கோட்டை என்று புகழ்பெற்றது அதுவே. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்பது பேச்சு. பல திசைகளிலும் பீரங்கியைச் சுட்டார்கள். கடலூர் நகரமும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களும் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டன. 'குண்டுக் கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. இந்தச் சம்பவம் நமக்கு உணர்த்தும் பாடம் என்ன? அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ, ஆதாயமும் அவருக்கே என்பதுதான். நிலத்துக்கு மட்டுமன்று, சட்டைக்கும் இது பொருந்தும்.

ஆயத்த ஆடையில் அளவுகோல் விற்பவர் கையில் இருக்கிறது. 'எஸ்', 'எம்', 'எல்' என்ற மூன்று நான்கு எழுத்துகளுக்குள் உலகத்துப் பெண்கள் அனைவரையும் அடக்கிவிட முடியுமா? ஒரு கம்பெனியின் 'எம்' மற்றொரு கம்பெனியின் 'எல்' ஆக இருக்கிறது. மேலும், இந்த அளவுப் பட்டியல்களில் பல, மேல்நாட்டார் உடலைக் கொண்டு அமைந்தவை. நம் நாட்டவருக்கென்று தனி அளவுப் பட்டியல் வேண்டும் என்பதை உணர்ந்துதான், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்னும் திட்டத்தை மேற்கொண்டது. 25,000 பேருக்கு மேல் கணினிக் கருவியால் உடல் அளவு எடுப்பது அதன் நோக்கம்.

அளவு பொருந்தாததால் வாய்ப்பே கைநழுவியதும் உண்டு. 2019-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள், ஆன் மக்ளேன், கிறிஸ்டினா காக் என்னும் இரு அமெரிக்க வீராங்கனைகள் விண்வெளி நிலையத்துக்கு வெளியே சேர்ந்து பணிபுரிவதாக இருந்தது. பெண்கள் மட்டுமே மேற்கொள்ளும் முதல் விண்வெளி நடையாக அது அமைந்திருக்கும். ஆனால் இருவருக்கும் பொருந்தியது நடுத்தர அளவு மேலுடை. அந்நாளைக்குள் ஆயத்தமாகக் கூடியது ஒன்றே ஒன்றுதான். ஆகவே மக்ளேன் விட்டுக்கொடுத்தார். அவருக்குப் பதிலாக ஓர் ஆண் வீரர் சென்றார். பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள்தான் கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மீரும் அந்தச் சாதனையை நிகழ்த்தினார்கள். அறிவும் துணிவும் பயிற்சியும் இருந்தன. இல்லாதது பொருத்தமான உடை ஒன்றுதான். தோழியரே, இதைச் சிறிய விஷயம் என்று தள்ள முடியுமா?

விண்ணைவிட நமக்கு அருகில் இருப்பது கடல். நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நாளை நம்மில் ஒருத்தி அங்கே பயின்று, அண்டார்டிகாவில் உள்ள நம் நாட்டின் 'மைத்ரி', 'பாரதி' நிலையங்களுக்கோ, வடதுருவப் பகுதியில் 2008-இல் தொடங்கப்பட்ட 'ஹிமாத்ரி' நிலையத்துக்கோ செல்லக்கூடாதா என்ன? அங்கே அவள் கடலடி உயிர்களை ஆராய மூழ்க வேண்டியிருந்தால் 'டிரை சூட்' எனப்படும் நீர்புகா உடை வேண்டும். காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். அண்டார்டிகாவின் கடல்நீரோ உறைநிலைக்கும் சற்றுக் கீழே இருக்கும்.

இந்த உடையின் நுட்பத்தைக் கேளுங்கள். கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் மெல்லிய ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். அவை தொளதொளவென்று இருந்தால் பனிநீர் உள்ளே புகும். கழுத்துப் பட்டை மிகவும் இறுகினால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அழுந்தி மயக்கம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். உடைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அதை ஈடுகட்ட மார்பிலுள்ள வால்வு வழியாகக் காற்றைச் செலுத்த வேண்டும். மேலே வரும்போது காற்று விரியும். அதைக் கையிலுள்ள வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். உடை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தால் மிகுதிக் காற்று கால்களுக்கு ஓடி, மூழ்குபவளைத் தலைகீழாக்கி மேலே தூக்கிவிடும். சிறிதாக இருந்தாலோ, முதுகிலுள்ள காற்றுக் குழாயின் திருகை எட்டக்கூடக் கை வளையாது. இப்படிப்பட்ட உடையைப் படத்தைப் பார்த்து, 'அழகாய் இருக்கிறது' என்று வாங்கலாமா?

உள்ளூரில் வாங்கலாமே என்பீர்கள். நம் வங்கக்கடல் வெதுவெதுப்பானது. நமக்கு அருகிலேயே, சுமார் 22 கி.மீ. தொலைவில், புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி பெறுவோருக்கு மெல்லிய 'வெட் சூட்' போதும். தேவையில்லாத பொருளை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? ஆகவே நீர்புகா உடை வேண்டுபவள் தொலைவிலிருந்து வரவழைத்துத்தான் தீரவேண்டும். 'உள்ளூரே உயர்ந்தது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

வேறொரு குறையும் உண்டு. மன்னார் வளைகுடாவில் நம் சகோதரிகள் தலைமுறை தலைமுறையாக மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, ரப்பர் செருப்போடு பாறைகளுக்கிடையே இறங்குகின்றனர். அவர்களுக்கென்று அளவெடுத்த உடை எந்தக் கடையில் தொங்குகிறது? கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' என்று அழைக்கப்படும் மூழ்குபெண்கள் முன்பு பருத்தி உடையோடு குளிர்நீரில் இறங்கினர். 1970-களில் ரப்பர் உடை வந்தபின் அவர்களால் நெடுநேரம் நீரில் தங்க முடிந்தது. 2016-இல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. உழைக்கும் பெண்ணுக்கு ஏற்ற உடை வருவது அவள் உழைப்பை உலகம் மதிப்பதற்கு ஓர் அடையாளம் அன்றோ?

இனி, நம் அன்றாட வாழ்வுக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் தையற்காரரைப் பாருங்கள். அவர் தோளை அளக்கும்போதே ஒரு தோள் தாழ்ந்திருப்பதைக் கண்டுகொள்வார். வளரும் பிள்ளை என்று உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைப்பார். அடுத்த ஆண்டு பிரித்துவிட்டால் அதே சீருடை மறுபடியும் உதவும். இறுக்கமாக இருந்தால் அன்று மாலையே சரிசெய்து தருவார். கைப்பேசிக் கடை இந்த உள்மடிப்பை விடுமா? அதற்கு நம் வளர்ச்சி தெரியாது. விலாசம் மட்டுமே தெரியும்.

ஆயினும் தோழியரே, நம்மில் பலர் கைப்பேசிக் கடையை நாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆண் தையற்காரர் முன் நின்று அளவு கொடுக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. பருமனாக இருப்பவளை, ஒல்லியாக இருப்பவளைப் பார்த்துக் கடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தக் கடைப்பக்கம் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கைப்பேசி கேலி செய்வதில்லை. இந்தச் சௌகரியத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூச்சத்துக்குப் பரிகாரம் அளவே இல்லாமல் வாங்குவது அன்று. அளவெடுக்க நாமே கற்றுக்கொள்வதுதான்.

ஆகவே என் முடிவு இது. அளவு வீட்டில் எடுக்கப்படட்டும். பொருள் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். அம்மாவோ அக்காவோ தோழியோ நாடாவைப் பிடிக்க, கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கால் நீளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வளரும் வயதாகையால் ஆண்டுக்கு இருமுறை திருத்துங்கள். கைப்பேசியில் எழுத்தைப் பார்க்காமல் அங்குலக் கணக்கைப் பாருங்கள். நன்றாகப் பொருந்தும் பழைய உடையைத் தரையில் விரித்து அளந்து ஒப்பிடுங்கள். நீர்புகா உடை செய்பவர்கள் இப்படிப் பல அளவுகளைக் கேட்டு வாங்கித்தான் தைக்கிறார்கள். தனி அளவில் தைத்ததைப் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. எனவே அளவைப் பணம் கட்டுவதற்கு முன்பே இருமுறை சரிபார்ப்பது அவசியம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. ஆனால் சொன்ன அளவிலேயே வந்து நமக்குப் பொருந்தாமற்போனால், அது அந்தக் கடையின் நிபந்தனையைப் பொறுத்தது. ஆகையால் நிபந்தனையை முதலில் படிப்பவளே புத்திசாலி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, விற்பவர் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 1915 என்னும் எண்ணில் நுகர்வோர் உதவி கிடைக்கும்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நான் விதிவிலக்கு அளிக்கமாட்டேன். நம் கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் தந்தையருக்கும் அண்ணன்மாருக்கும் வாங்கும் உயிர்காப்புச் சட்டையை, உடுத்திப் பார்க்காமல் ஒருபோதும் ஏற்காதீர்கள். அணிந்தபின் இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். சட்டை முகவாய்க்கு மேல் ஏறினால் அது பெரிது. நீரில் அவர் கீழே நழுவுவார், சட்டை மட்டும் மேலே மிதக்கும். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட இந்தக் கடற்கரையில் இதை விரித்துச் சொல்லவும் வேண்டுமோ?

தோழியரே! அன்று பீரங்கி சுட்ட இடமெல்லாம் அவர்களுடைய எல்லையாயிற்று. இன்று நம் அளவை நாமே அறிந்திருந்தால், நம் எல்லையைப் பிறர் குறிக்க முடியாது. நம் உடல் கடைக்காரரின் எழுத்துக்குள் அடங்கவில்லையே என்று எந்தப் பெண்ணும் வருந்த வேண்டாம். ஆடைதான் ஆளுக்குப் பொருந்த வேண்டும். ஆடைக்காக ஆள் குறுக வேண்டியதில்லை. விண்ணுக்குச் செல்வோர் செல்க! கடலில் மூழ்குவோர் மூழ்குக! ஆனால் எல்லாரும் முதலில் ஓர் அளவு நாடா வாங்குக! அதை மட்டும் தயங்காமல் உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாம்.